சப்பாத்திக்கு மாறியும் சர்க்கரை இறங்காதது ஏன்?

டைப் 2 நீரிழிவு உள்ளவர்கள் மாவுச்சத்தைக் குறைத்துச் சாப்பிடத் தொடங்குவது எப்படி?

தமிழ்நாட்டில் ஒருவருக்குச் சர்க்கரை நோய் என்று தெரிந்த அன்றே அந்த வீட்டின் இரவுச் சாப்பாடு மாறிவிடும். "சுகர் இருக்கில்ல, ராத்திரி சோறு வேண்டாம், ரெண்டு சப்பாத்தி போதும்" என்பது டாக்டர் சொல்வதற்கு முன்பே பக்கத்து வீட்டுக்காரர் சொல்லிவிடும் வைத்தியம். நாள்போக்கில் இரண்டு மூன்றாகும், மூன்று நான்காகும். தொட்டுக்கொள்ள உருளைக்கிழங்கு குருமாவும் வந்து சேரும். ஆறு மாதம் கழித்து ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்தால் எண் அசைந்திருக்காது. "சோத்தையே தொடறதில்ல டாக்டர், அப்பவும் எறங்க மாட்டேங்குது" என்பார் நோயாளி. அவர் பொய் சொல்லவில்லை. அவருக்குச் சொல்லப்பட்டதுதான் பாதி உண்மை.

ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் அட்டவணைகளைப் புரட்டினால் காரணம் புரிந்துவிடும். 100 கிராம் தீட்டிய அரிசியில் மாவுச்சத்து ஏறக்குறைய 78 கிராம். அதே அளவு கோதுமை மாவில் 64 கிராம். கேழ்வரகில் 67, கம்பில் 62, தினையில் 60. சாமையும் வரகும் 65-ஐ ஒட்டி நிற்கின்றன. நார்ச்சத்திலும் தாது உப்புகளிலும் சிறுதானியங்கள் வெள்ளை அரிசியைவிடப் பல படி மேல், அதில் சந்தேகமில்லை. ஆனால் இவை எல்லாமே தானியங்கள். வயிற்றுக்குள் போனதும் எல்லாமே குளுக்கோஸாகத்தான் உடைகின்றன. மூன்று சப்பாத்திக்கு 90, 100 கிராம் மாவு பிடிக்கும். அதில் இருப்பது ஏறக்குறைய 60 கிராம் மாவுச்சத்து. 220 கிராம் சோற்றிலும் கிட்டத்தட்ட அவ்வளவுதான் இருக்கிறது. தட்டில் இருப்பது மாறியிருக்கிறது, அளவு மாறவில்லை.

இதை நாடு தழுவிய ஓர் ஆய்வே உறுதிப்படுத்தியிருக்கிறது. சென்னையில் உள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலோடு சேர்ந்து நடத்திய 'இண்டியாப்' ஆய்வு அது. மருத்துவர்கள் ஆர்.எம். அஞ்சனாவும் வி. மோகனும் முன்னின்று நடத்தியது. 2023-ல் வந்த அதன் முடிவுகள்தான் இந்தியாவில் 10 கோடியே 10 லட்சம் பேருக்கு நீரிழிவு இருக்கிறது என்று சொல்லி எல்லோரையும் திடுக்கிட வைத்தன. தேசிய அளவில் 11.4 சதவீதம், தமிழ்நாட்டில் 14.4 சதவீதம். அதே ஆய்வின் உணவு பற்றிய பகுதி 2025-ல் வெளியானபோது அவ்வளவு பேசப்படவில்லை. பேசப்பட்டிருக்க வேண்டும். இந்தியர்கள் சராசரியாக 62 சதவீத ஆற்றலை மாவுச்சத்திலிருந்து எடுக்கிறார்கள் என்றது அது. மொத்த அளவைக் குறைக்காமல் வெள்ளை அரிசியிலிருந்து கோதுமை மாவுக்கோ சிறுதானிய மாவுக்கோ மாறுவதால் மட்டும் நீரிழிவு அபாயம் குறைவதாகத் தெரியவில்லை என்றும் சொன்னது. மாவுச்சத்தில் கொஞ்சத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பருப்பு, பால் பொருள், முட்டை, மீன் போன்ற புரதத்தை வைத்தால் அபாயம் குறைவதோடு தொடர்பு காணப்பட்டது.

குறைக்க வேண்டும், மாற்றினால் மட்டும் போதாது. இந்தக் கட்டுரை சொல்ல வருவதும் அதுதான். எப்படிக் குறைப்பது, எங்கிருந்து தொடங்குவது, யார் அவசரப்படக் கூடாது என்பதை விரிவாகப் பார்ப்போம்.

ஒரு நாளைக் கூட்டிப் பார்த்தால்

காலையில் நான்கு இட்லி. இட்லிக்குப் பத்து கிராம் என்று வைத்தால் நாற்பது. காபியில் இரண்டு ஸ்பூன் சர்க்கரை, இன்னொரு பத்து. மதியம் சாம்பார், ரசம், மோர் என்று மூன்று தடவை சோறு போட்டுக்கொள்பவர் தட்டில் 350 கிராம் சோறு விழுவது சாதாரணம். அதில் மட்டும் 98 கிராம் மாவுச்சத்து. உருளைக்கிழங்குப் பொரியல் என்றால் மேலே ஒரு இருபது. சாயங்காலம் டீயும் நாலு பிஸ்கட்டும் முப்பதுக்குப் போகும். இரவு நாம் ஏற்கெனவே கணக்குப் போட்ட மூன்று சப்பாத்தி. படுக்கப் போகும் முன் "வயித்துக்கு நல்லது" என்று ஒரு வாழைப்பழம், அது ஓர் இருபது, இருபத்தைந்து. கூட்டினால் 280 கிராமைத் தொடுகிறது. இவர் இனிப்பே சாப்பிடாதவர் என்பதை நினைவில் வையுங்கள்.

ஆராய்ச்சியாளர்கள் பலர் குறை மாவுச்சத்து உணவு என்று வகைப்படுத்துவது நாளொன்றுக்கு 130 கிராமுக்குக் கீழே. 50 கிராமுக்கும் கீழே போவது கீட்டோ வகை. நம் ஆளின் 280-க்கும் 130-க்கும் நடுவே நிறைய இடம் இருக்கிறது. 280-லிருந்து 180-க்கு வந்தாலே பலருக்கு குளுக்கோமீட்டரில் வித்தியாசம் தெரியத் தொடங்கும்.

இங்கிலாந்தின் சவுத்போர்ட் ஊரில் குடும்ப மருத்துவராக இருந்த டேவிட் அன்வின் இதை நோயாளிகளுக்குப் புரியவைக்க ஒரு வழி கண்டுபிடித்தார். ஒவ்வோர் உணவும் ரத்தத்தில் எத்தனை ஸ்பூன் சர்க்கரைக்குச் சமமாக வேலை செய்கிறது என்று படம் போட்டுக் காட்டினார். 150 கிராம் பாஸ்மதி சோறு ஏறக்குறைய 10 ஸ்பூன் சர்க்கரை. டீக்கு அரை ஸ்பூன் சர்க்கரை கூடினால் பதறுகிற நாம் இந்தப் பத்து ஸ்பூனைப் பற்றி யோசித்ததே இல்லை. அவர் மருத்துவமனையில் இந்த உணவுமுறையைத் தேர்ந்தெடுத்த நீரிழிவு நோயாளிகளில் பாதிப் பேர் மருந்தில்லாமலே சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவந்ததாக 2023-ல் ஆய்விதழில் எழுதினார். விரும்பி முன்வந்தவர்களின் கணக்கு இது என்பதால் எல்லோருக்கும் அப்படியே நடக்கும் என்று கொள்ளக் கூடாது.

பழைய வைத்தியம்தான்

மாவுச்சத்தைக் குறைப்பது ஏதோ புது ஃபேஷன் என்று நினைப்பவர்கள் உண்டு. இன்சுலின் வருவதற்கு முன்னால் நீரிழிவுக்கு இருந்த முக்கியமான வைத்தியம் இதுதான். 1870-ல் பாரீஸ் நகரம் முற்றுகையிடப்பட்டு மக்கள் உணவின்றித் தவித்தபோது, அப்போலினேர் பூஷார்தா என்ற மருத்துவர் தன் நீரிழிவு நோயாளிகளின் சிறுநீரில் சர்க்கரை குறைவதைக் கவனித்துப் பதிவு செய்தார். மாவுப் பண்டங்களை விலக்கி, காய்கறி சாப்பிட வைத்து, உடற்பயிற்சி செய்யச் சொன்னவர் அவர். 1922 ஜனவரியில் டொரன்டோவில் முதல் நோயாளிக்கு இன்சுலின் போடப்பட்டது. உயிர் காக்கும் மருந்து கைக்கு வந்த பிறகு உணவைப் பற்றிய கண்டிப்பு மெல்லத் தளர்ந்தது.

நம் ஊரில் கதை வேறு மாதிரி. 1948-ல் சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் நீரிழிவுக்கெனத் தனிப் பிரிவு தொடங்கியவர் மருத்துவர் எம். விஸ்வநாதன். இந்திய நீரிழிவு மருத்துவத்தின் தந்தை என்று போற்றப்படுபவர். மாவுச்சத்தும் நார்ச்சத்தும் மிகுந்த உணவு நீரிழிவுக்கு ஏற்றது என்ற கருத்தை முன்வைத்தவர்களில் அவர் முக்கியமானவர். அன்றைய நோயாளி நடந்தார், கையால் வேலை செய்தார், பருப்பும் கீரையும் நாரோடு தின்றார். அந்த அறிவுரையில் 'நார்ச்சத்து' என்ற பாதி காலப்போக்கில் உதிர்ந்து, 'மாவுச்சத்து' மட்டும் நம் தட்டில் தங்கிவிட்டது என்பது என் எண்ணம். சென்னையில் நடந்த ஓர் ஆய்வில் மக்கள் எடுக்கும் மொத்தக் கலோரியில் கிட்டத்தட்ட பாதி தீட்டிய தானியத்திலிருந்தே வந்தது. அதில் முக்கால் பங்கு வெள்ளை அரிசி.

உலக அளவிலும் காற்று திரும்பியிருக்கிறது. மொத்த மாவுச்சத்தைக் குறைப்பதற்குத்தான் ரத்தச் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதில் அதிக ஆதாரம் இருக்கிறது என்று 2019-ல் அமெரிக்க நீரிழிவுச் சங்கத்தின் நிபுணர் குழு எழுதியது. 2021-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் 23 பரிசோதனைகளைச் சேர்த்து அலசிய கட்டுரை ஒன்று வந்தது. ஆறு மாதத்தில் குறை மாவுச்சத்துக் குழுவினரில் 57 சதவீதம் பேருக்கு, சில மாத ரத்தச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி அளவு 6.5-க்குக் கீழே வந்திருந்தது. மற்ற குழுவில் 31 சதவீதம். ஆனால் ஒரு வருட முடிவில் இந்த வித்தியாசம் வெகுவாகக் குறைந்துவிட்டது. உணவு தோற்றதா, மனிதர்கள் பழைய தட்டுக்குத் திரும்பினார்களா என்று கேட்டால், பின்னதற்குத்தான் வாய்ப்பு அதிகம். ஆகவே முதல் நாளிலேயே கேட்க வேண்டியது, இதை ஐந்து வருடம் சாப்பிட முடியுமா என்பதே.

சில ஆண்டுகளுக்கு முன் தமிழ்நாட்டில் அடித்த பேலியோ அலை நினைவிருக்கும். காலையில் நூறு பாதாம், மதியம் கறி, இரவு பனீர் என்று இறங்கியவர்களில் பலருக்கு எடையும் சர்க்கரையும் குறைந்தன. அதே வேகத்தில் ஆறாவது மாதம் பரோட்டாக் கடை வாசலில் நின்றவர்களும் உண்டு. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். வீட்டில் எல்லோரும் ஒரு குழம்பு சாப்பிட, ஒருவர் மட்டும் வேறு உலகத்தில் சாப்பிடுவது நீண்ட நாள் ஓடாது. நம் சமையலுக்குள்ளேயே குறைப்பதுதான் நிலைக்கும்.

முதலில் மாத்திரைச் சீட்டை எடுங்கள்

உணவில் கை வைக்கும் முன் செய்ய வேண்டிய காரியம் ஒன்று இருக்கிறது. இதை மட்டும் தாண்டிக் குதிக்கக் கூடாது.

நீங்கள் சாப்பிடும் மாத்திரைகள் உங்கள் பழைய சாப்பாட்டுக்கு அளவெடுத்துத் தரப்பட்டவை. சாப்பாட்டில் மாவுச்சத்து பாதியாகி, மாத்திரை அதே அளவில் நின்றால் சர்க்கரை தாழ்நிலைக்குச் சரிந்துவிடும். கிளிமிபிரைடு, கிளிக்லசைடு, கிளைபென்கிளமைடு வகை மாத்திரைகளிலும் இன்சுலின் ஊசியிலும் இந்த ஆபத்து அதிகம். மாத்திரை அட்டையின் பின்பக்கம் சின்ன எழுத்தில் மருந்தின் பெயர் இருக்கும். இரண்டு மூன்று மருந்துகள் ஒரே மாத்திரையில் கலந்து வருவதும் இப்போது சகஜம். படிக்க முடியவில்லை என்றால் மருந்துக்கடைக்காரரிடமே கேட்டு ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். அந்தத் தாளோடு உங்கள் டாக்டரைப் பாருங்கள். "சோத்தைப் பாதியாக் குறைக்கப் போறேன் டாக்டர், மாத்திரையை எப்படி மாத்தணும்?" என்று நேரடியாகக் கேளுங்கள். குறைத்த பிறகு போய்ச் சொல்வதைவிடக் குறைக்கும் முன் கேட்பதே பாதுகாப்பு.

டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் என்ற பெயர்கள் சீட்டில் இருந்தால் கூடுதல் எச்சரிக்கை தேவை. சிறுநீர் வழியாகச் சர்க்கரையை வெளியேற்றும் மருந்துகள் இவை. இவற்றை எடுத்துக்கொண்டே மாவுச்சத்தை மிகவும் குறைத்தால், அரிதாகச் சிலருக்கு ரத்தத்தில் கீட்டோன் அமிலம் ஏறிவிடும். அப்போது குளுக்கோமீட்டரில் எண் பெரிதாக இருக்காது என்பதுதான் பயங்கரம். குமட்டல், வாந்தி, வயிற்றுவலி, மூச்சு வாங்குதல் என்று வந்தால் "சர்க்கரை நார்மலாத்தானே இருக்கு" என்று வீட்டில் உட்கார்ந்திருக்கக் கூடாது, உடனே ஆஸ்பத்திரி. மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவர்களுக்கு இந்தக் கவலைகள் மிகக் குறைவு. ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு ஒரு சேதி: எடையும் உப்பும் நீரும் குறையும்போது அழுத்தமும் இறங்கும். எழுந்து நின்றால் தலை சுற்றுகிறதா என்று கவனியுங்கள்.

கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, திடீர்ப் பசி, பேச்சுக் குழறல் ஆகியவை சர்க்கரை தாழ்ந்ததன் அடையாளங்கள். மீட்டரில் 70 மில்லிகிராமுக்குக் கீழே காட்டினால் மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். குறை மாவுச்சத்து உணவில் இருக்கிறோமே என்று அந்த நேரத்தில் தயங்கக் கூடாது.

டைப் 1 நீரிழிவு உள்ளவர்கள், கர்ப்பிணிகள், சிறுநீரகம் பாதித்தவர்கள், மிகவும் மெலிந்த முதியவர்கள் இந்தக் கட்டுரையை வைத்துக்கொண்டு தாமாகத் தொடங்க வேண்டாம். அவர்களுக்கு உணவுத் திட்டத்தை மருத்துவரே வகுக்க வேண்டும். நீண்ட நாள் சர்க்கரை உள்ளவர்கள் முதலில் விழித்திரைப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது. உயர்ந்திருந்த சர்க்கரை வேகமாக இறங்கும்போது ஏற்கெனவே இருக்கும் விழித்திரைப் பாதிப்பு தற்காலிகமாகக் கூடுவது உண்டு.

மீட்டர் சொல்லும் பாடம்

எந்த டயட் புத்தகத்தைவிடவும் நல்ல ஆசான் வீட்டில் இருக்கும் குளுக்கோமீட்டர்தான். பெரும்பாலான வீடுகளில் அது காலை வெறும் வயிற்றுச் சர்க்கரையைப் பார்க்க மட்டுமே பயன்படுகிறது. வெறும் வயிற்று எண் முக்கியம்தான், ஆனால் எந்தச் சாப்பாடு உங்களை ஏற்றுகிறது என்று அது சொல்லாது. அதற்குச் சாப்பாட்டுக்கு முன் ஒரு தடவை, முதல் வாய் வைத்ததிலிருந்து சரியாக இரண்டு மணி நேரம் கழித்து ஒரு தடவை பார்க்க வேண்டும்.

கையைச் சோப்புப் போட்டுக் கழுவி நன்றாகத் துடையுங்கள். மாம்பழம் நறுக்கிய விரலில் குத்தினால் பழத்தின் சர்க்கரையும் சேர்ந்து கணக்கில் வரும். விரல் நுனியின் நடுவே குத்தாமல் பக்கவாட்டில் குத்தினால் வலி குறைவு. விரலைப் பிதுக்கிப் பிதுக்கி ரத்தம் எடுத்தால் அளவு பிசகலாம், கையைத் தொங்கவிட்டால் தானாக வரும். ஒரு நோட்டில் தேதி, என்ன சாப்பிட்டீர்கள், எவ்வளவு, முன் எண், பின் எண் என்று எழுதுங்கள். திங்கட்கிழமை நான்கு இட்லி, தேங்காய்ச் சட்னி. புதன்கிழமை இரண்டு இட்லி, இரண்டு அவித்த முட்டை, கிண்ணம் நிறையச் சாம்பார்க் காய். இரண்டு நாளின் பின் எண்ணையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது கிடைக்கும் தெளிவை நூறு அறிவுரை தராது. ஸ்ட்ரிப் ஒன்று 20 ரூபாய் வாக்கில் ஆகிறது, தினமும் முடியாது. வாரம் இரண்டு சாப்பாட்டுக்குப் பார்த்தால் போதும். ஒரு மாதத்தில் உங்கள் வீட்டுச் சாப்பாடுகளின் வரைபடமே கையில் இருக்கும். இரண்டு மணி நேர எண் 180-க்குக் கீழே இருக்க வேண்டும் என்பது பொதுவான இலக்கு. வயது, பிற நோய்களைப் பொறுத்து உங்கள் டாக்டர் வேறு எண் சொல்லியிருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

எங்கே கை வைப்பது?

காலைச் சாப்பாட்டில் தொடங்குங்கள். பலருக்குக் காலையில்தான் உடல் இன்சுலினுக்குக் குறைவாகச் செவிசாய்க்கிறது. அதோடு நம் காலைப் பலகாரங்கள் அத்தனையும் மாவு: இட்லி, தோசை, பொங்கல், உப்புமா, இடியாப்பம். புரதம் என்று பார்த்தால் சாம்பாரில் கரைந்த பருப்பு மட்டும்தான். முதல் இரண்டு வாரம் இந்த ஒரு வேளையை மட்டும் மாற்றுங்கள். வெங்காயமும் முருங்கைக் கீரையும் போட்ட இரண்டு முட்டை ஆம்லெட், கூடவே ஒரு தோசை. சைவம் என்றால் அரிசி சேர்க்காமல் ஊறவைத்த பச்சைப்பயறை மட்டும் அரைத்து ஊற்றிய பெசரட்டு, கெட்டித் தயிர், ஒரு கைப்பிடி வேர்க்கடலை. பயறிலும் மாவுச்சத்து உண்டு, ஆனால் புரதமும் நாரும் சேர்ந்திருப்பதால் ஏற்றம் நிதானமாக இருக்கும். கேழ்வரகுக் கஞ்சியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், பலர் அதை மருந்து மாதிரி குடிக்கிறார்கள். மாவாக அரைத்து, கூழாகக் காய்ச்சி, சட்டெனக் குடித்துவிடும் எதுவும் வேகமாகத்தான் சர்க்கரையை ஏற்றும். மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டுக் குடியுங்கள்.

பிறகு மதியத்துக்கு வாருங்கள். நம் சாப்பாட்டு அமைப்பிலேயே ஒரு வசதி இருக்கிறது. பொரியல், கூட்டு, கீரை, அவியல், மீன் குழம்பு, கோழி வறுவல் எல்லாம் நம்மிடம் இருக்கின்றன. 'தொட்டுக்க' என்று பெயர் வைத்து ஓரத்தில் ஒரு கரண்டி ஒதுக்கிவிட்டோம், அவ்வளவுதான். அந்த ஓரத்தை நடுவுக்குக் கொண்டுவாருங்கள். முதலில் ஒரு கிண்ணம் நிறையக் கீரைக் கூட்டும் வெண்டைக்காய்ப் பொரியலும் தட்டில் விழட்டும். பக்கத்தில் இரண்டு துண்டு மீனோ முட்டையோ பனீரோ கொண்டைக்கடலைச் சுண்டலோ. சோறு கடைசியில், 100 கிராம். சமையலறைத் தராசு இருந்தால் ஒரே ஒரு தடவை நிறுத்துப் பாருங்கள். உங்கள் வீட்டுக் கரண்டியில் அது எத்தனை கரண்டி என்று தெரிந்துகொண்டால் பிறகு தராசு தேவைப்படாது. பலருக்கு அந்த அளவைத் தட்டில் பார்க்கும்போது வருத்தமாகத்தான் இருக்கும். நேரே அதற்குத் தாவாமல், வாரம் ஒரு கரண்டி என்று குறைத்து வந்து சேருங்கள்.

சாப்பிடும் வரிசையும் வேலை செய்கிறது. நியூயார்க்கில் வெயில் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் 2015-ல் செய்த ஒரு சிறிய சோதனையில் டைப் 2 நீரிழிவு உள்ள 11 பேருக்கு ஒரே சாப்பாட்டை இரண்டு விதமாகக் கொடுத்தார்கள். காய்கறியையும் புரதத்தையும் முதலில் தின்று மாவுச்சத்தைக் கடைசியில் தின்ற நாளில், ஒரு மணி நேரம் கழித்துச் சர்க்கரை 37 சதவீதம் குறைவாக இருந்தது. பதினோரு பேர் என்பது சின்ன எண்ணிக்கைதான். ஆனால் செலவில்லாத, தீங்கில்லாத யோசனை, உங்கள் மீட்டரிலேயே சரிபார்த்துக்கொள்ளலாம்.

எண்ணெயைப் பற்றிக் கேள்வி வரும். மாவுச்சத்தைக் குறைத்த இடத்தில் பசி நிற்கக் கொழுப்பும் புரதமும் வந்தாக வேண்டும், எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் குறைத்தால் மூன்றாம் நாள் மயக்கம்தான் வரும். நல்லெண்ணெய், கடலை எண்ணெய், தேங்காய்த் துருவல், வேர்க்கடலை, மீன் எல்லாம் தாராளமாக இருக்கட்டும். நெய்யைக் கரண்டி கரண்டியாக ஊற்றுவதில் எனக்கு உடன்பாடில்லை. சிலருக்கு எல்டிஎல் கொழுப்பு இந்த உணவில் கணிசமாக ஏறுகிறது. தொடங்கும் முன்னும் மூன்று மாதம் கழித்தும் கொழுப்புப் பரிசோதனை செய்து பார்த்தால்தான் உங்கள் உடல் எந்தப் பக்கம் என்று தெரியும்.

கருப்பட்டி, நாட்டுச் சர்க்கரை, தேன் மூன்றும் சர்க்கரைதான். பழத்தில் கொய்யா நல்லது, சாறு எந்தப் பழத்திலும் வேண்டாம். வடித்த சோறு, பழைய சோறு, மாப்பிள்ளைச் சம்பா என்று தேடி அலைவதில் கிடைக்கும் லாபம் சிறிது. அளவு குறையாவிட்டால் அதுவும் இல்லை. "சர்க்கரை நோயாளிகளுக்கென்றே" என்று அச்சடித்து விற்கும் பிஸ்கட்டின் பின்பக்கத்தில் மாவுச்சத்து அளவைப் படித்துவிட்டு வாங்குவதா வேண்டாமா என்று முடிவு செய்யுங்கள்.

முதல் வாரத்தில் தலைவலி, அசதி, எரிச்சல் வரலாம். மாவுச்சத்து குறையும்போது உடல் உப்பையும் நீரையும் அதிகம் வெளியேற்றுவதுதான் காரணம். உப்புப் போட்ட மோர் இரண்டு டம்ளர் குடித்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். உப்பைக் குறைக்கச் சொல்லி மருத்துவர் அறிவுறுத்தியிருந்தால் அவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். மலச்சிக்கல் வந்தால் காய்கறி போதவில்லை என்று அர்த்தம்.

யார் சமைக்கிறார்கள், யார் கடைசியில் சாப்பிடுகிறார்கள்

நீரிழிவு உள்ளவர் வீட்டின் ஆண் என்றால் அவருக்கெனத் தனிப் பொரியல், தனிச் சுண்டல் எல்லாம் தயாராகிவிடும். நீரிழிவு உள்ளவர் அந்தச் சமையலைச் செய்யும் பெண்ணே என்றால்? எல்லோரும் சாப்பிட்டு முடித்த பிறகு உட்காருகிறார். மீன் துண்டு தீர்ந்திருக்கும், பொரியல் வழித்தாகியிருக்கும். சட்டியில் மீந்திருப்பது சோறும் குழம்பும். "கொட்ட மனசு வரலை" என்று அதையும் சேர்த்துத் தின்கிறார். அவருக்கு உணவு அட்டவணை எழுதிக் கொடுக்கும் எந்த டாக்டரும் இதைக் கேட்பதில்லை. அம்மாவின் சர்க்கரையைக் குறைக்க நினைக்கும் பிள்ளைகள் செய்யக்கூடிய முதல் உதவி, சமைத்து முடித்ததும் அம்மாவின் தட்டுக்கு முட்டையையும் காயையும் முதலில் எடுத்து வைப்பது. காலை உலையில் போடும் அரிசியில் ஓர் ஆழாக்கைக் குறைப்பது அடுத்தது. மிஞ்சாத சோற்றை யாரும் தின்ன வேண்டியதில்லை.

விருந்தும் விசேஷமும் வரத்தான் செய்யும். கல்யாணப் பந்தியில் சர்க்கரைப் பொங்கலை இலையில் வைத்துவிட்டு, "ஒரு வாய் சாப்பிடுங்க, ஒண்ணும் ஆகாது" என்பவரிடம் சண்டை போட வேண்டாம். அந்த ஒரு வாயைச் சாப்பிடுங்கள். அடுத்த வேளை உங்கள் தட்டுக்குத் திரும்புங்கள். ஒரு நாள் தவறியதற்காக ஒரு மாதத்தைக் கைவிடுவதுதான் உண்மையான நஷ்டம்.

பணத்தைப் பற்றிப் பேசாமல் இந்தப் பேச்சு முழுமையாகாது. தமிழ்நாட்டில் 2011 முதல் ரேஷனில் அரிசி இலவசம். பசியை விரட்டிய மகத்தான திட்டம், அதில் ஒரு மணி அரிசியைக்கூடக் குறைக்கச் சொல்ல மாட்டேன். ஆனால் அதே கடையில் துவரம்பருப்பு அட்டைக்கு மாதம் ஒரு கிலோ, 30 ரூபாய்க்கு. நான்கு பேர் உள்ள குடும்பத்தில் ஆளுக்கு ஒரு நாளைக்கு எட்டு கிராம் பருப்பு. இலவசமாகக் கிடைக்கும் அரிசியைக் குறைத்து, விலை கொடுத்து வாங்கும் மீனையும் பனீரையும் கூட்டச் சொல்வது கூலி வேலை செய்பவருக்கு எளிய அறிவுரை இல்லை. அவருக்கு முட்டை, வேர்க்கடலை, மொச்சை, கொள்ளு, மத்தி மீன், மீல் மேக்கர், வீட்டோரம் நிற்கும் முருங்கை ஆகியவைதான் கைகொடுக்கும். நாட்டின் முட்டைத் தலைநகரம் நாமக்கல் நம்மிடம்தான் இருக்கிறது. பள்ளிப் பிள்ளைகளுக்கு வாரம் ஐந்து நாள் சத்துணவில் முட்டை கொடுக்க முடிந்த அரசால், நீரிழிவு உள்ளவர் இருக்கும் அட்டைக்கு இன்னும் இரண்டு கிலோ பருப்போ பயறோ தர முடியாதா? 2021 ஆகஸ்ட்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடு தேடி மாத்திரை வருகிறது. மாத்திரை தர வரும் அதே பெண், "நேத்து மதியம் என்ன சாப்பிட்டீங்கம்மா?" என்று கேட்கவும் பயிற்சி பெற்றிருந்தால் அந்தத் திட்டத்தின் பலன் இரட்டிப்பாகும். பருப்புக்கு ஆகும் செலவை, பிற்காலத்தில் டயாலிசிஸுக்கும் கால் அறுவைக்கும் ஆகும் செலவோடு வைத்துப் பார்க்க வேண்டும்.

மூன்று மாதம் கழித்து

ஹெச்பிஏ1சி என்பது கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எண். ஆகவே தொடங்கிய மூன்றாம் மாதம் அதைப் பாருங்கள். எண் இறங்கியிருந்தால் மாத்திரையைக் குறைப்பது பற்றி டாக்டர் முடிவு செய்வார். சர்க்கரையைத் தாழ்நிலைக்குத் தள்ளக்கூடிய மருந்துகளைத்தான் பொதுவாக முதலில் குறைப்பார்கள், மெட்ஃபார்மின் கடைசிவரை நிற்கும். இந்த முடிவை நீங்களாக எடுக்காதீர்கள்.

மருந்து எதுவும் இல்லாமல் குறைந்தது மூன்று மாதம் ஹெச்பிஏ1சி 6.5-க்குக் கீழே நின்றால் அதை நீரிழிவின் தணிவு நிலை என்று 2021-ல் சர்வதேச நிபுணர்கள் வரையறுத்தார்கள். அதைப் பெருமளவில் நிரூபித்துக் காட்டிய 'டைரக்ட்' ஆய்வு பிரிட்டனில் நடந்தது. ராய் டெய்லர், மைக் லீன் இருவரும் தலைமை தாங்கிய அந்த ஆய்வில் கலோரியைக் கடுமையாகக் குறைத்து எடையை இறக்கினார்கள், மாவுச்சத்தை மட்டும் குறைக்கவில்லை. முதல் ஆண்டில் 46 சதவீதம் பேர் தணிவு நிலையை எட்டினார்கள், இரண்டாம் ஆண்டில் அது 36 ஆனது. 15 கிலோவும் அதற்கு மேலும் எடை குறைத்தவர்களில் பத்துக்கு எட்டுப் பேருக்கு மேல் எட்டினார்கள். கல்லீரலிலும் கணையத்திலும் சேர்ந்த கொழுப்பு கரைவதுதான் சூட்சுமம் என்கிறார் டெய்லர். நோய் வந்து சில ஆண்டுகளே ஆனவர்களுக்கு வாய்ப்பு அதிகம். பதினைந்து, இருபது ஆண்டுகளாக நீரிழிவோடு இருப்பவருக்குத் தணிவு நிலை கிட்டாமல் போகலாம். ஆனால் இன்சுலின் அளவு பாதியானாலும், இரவில் நான்கு முறை சிறுநீர் கழிக்க எழுந்தவர் ஒரு முறை எழுந்தாலும் அது அவருக்குப் பெரிய விஷயம்தான்.

தணிவு நிலைக்கு வந்தவர்களும் பழைய தட்டுக்குத் திரும்பினால் சர்க்கரையும் திரும்பும். மாத்திரை நின்ற பிறகும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஹெச்பிஏ1சி, ஆண்டுக்கு ஒருமுறை விழித்திரை, பாதம், சிறுநீரில் புரதம் ஆகிய பரிசோதனைகளை நிறுத்தக் கூடாது. அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது, மீட்டர் எண்கள் எழுதிய அந்த நோட்டையும் கையோடு எடுத்துப் போங்கள்.